செம்புச் சுருளும் முப்பது லிட்டர் மால்ட்டும்

எங்கள் தொழிலில் அடுப்பை அணைத்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். காய்ச்சுவதை யார் வேண்டுமானாலும் காய்ச்சிவிடலாம். காய்ச்சியதைக் கெடாமல் ஆறவைப்பதற்குள் பாதி ஆயுசு போய்விடும். நீங்களும் கொல்லையில் பெரிய பாத்திரத்தை ஏற்றி நன்னாரியோ பாயசமோ ரோஸ்மில்க்குக்குப் பாலோ காய்ச்சி விற்கிறவராக இருந்தால், நான் மேலே சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நான் காய்ச்சுவது மால்ட். முளைகட்டிய கேழ்வரகையும் நெல்லையும் காயவைத்து அரைத்து, குழைய வெந்த சோற்றோடு கைபொறுக்காத சூட்டுத் தண்ணீரில் கலந்து ஒன்றரை மணி நேரம் மூடி வைத்தால், சர்க்கரை போடாமலே இனிக்கும். அதை வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பூதலூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலுக்குப் போவேன். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். இதில் 'ஆறவைத்து' என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன் பாருங்கள், அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இவ்வளவும்.

நேற்றைய பாட்டில்

முதல் சித்திரையில் எனக்கு ஒன்றும் தெரியாது. முப்பது லிட்டர் பாத்திரத்தை இறக்கி, மூடி, சமையலறைத் தரையில் தானாக ஆறட்டும் என்று விட்டுவிடுவேன். சூடாகவே ஊற்றலாம் என்றால் பிளாஸ்டிக் பாட்டில் சுருங்கி மண்டை கோணிக்கொள்ளும். எங்கள் ஊர் வெயிலில் அந்தப் பாத்திரம் அரை நாள் வெதுவெதுவென்றே இருக்கும். இனிப்பும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடத்தில் புளிப்பு தானாகக் குடியேறும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸை நிறுத்தும் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வாடிக்கை. ஒருநாள் காலையில் விசில் ஊதுவதற்கு முன்பே இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. முந்தாநாள் வாங்கிய பாட்டிலை மறந்துபோய் டிக்கெட் பைக்குள்ளேயே வைத்திருந்து நேற்றுச் சாயங்காலம் குடித்தாராம். மூடியைத் திறந்ததும் சோடா மாதிரி புஸ்ஸென்று பொங்கியதாம். நாக்கில் சுர்ரென்று ஏறியதாம்.

என் அப்பா குடியால் போனவர். அப்போது எனக்குப் பதினெட்டு, தம்பிக்குப் பதினொன்று. அவர் பெண் ஸ்டேஷன் வாசலில் நின்று என்ன விற்றிருக்கிறாள்! பெட்டியில் இருந்த அத்தனை பாட்டிலையும் மூடிவிட்டு, இன்றைக்கு வியாபாரம் இல்லை என்றேன். கண்டக்டர் ரகசியம் பேசுகிற குரலில் குனிந்து கேட்டார்: "கோச்சுக்காதீங்கம்மா, நேத்து குடிச்ச மாதிரியே ரெண்டு, தனியா எடுத்து வச்சிருக்கீங்களா?"

தம்பியின் ஷெட்

தம்பி பிரபு நியூசிலாந்தில் வேலையாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். நடந்ததைச் சொல்லி, இந்தத் தொழிலை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றேன். அவன் யோசிக்காமல், "அதுக்கு ஏன்க்கா விடணும்? ஒரு வோர்ட் சில்லர் போட்டா அரை மணி நேரத்துல ஆறிடும்" என்றான். என்னடா அது என்று கேட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குப் போனான். சுவரில் ஒரு செம்புச் சுருள் தொங்கியது. முறுக்குப் பிழிந்து அடுக்கியது போல வளையம் வளையமாக இருந்தது. கொதிக்கிற பாத்திரத்துக்குள் சுருளை இறக்கிவிட்டு, அதன் குழாய்க்குள் பச்சைத் தண்ணீரை ஓடவிட வேண்டுமாம். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். உள்ளே இருப்பதோடு கலக்காது.

நல்லாத்தான் இருக்கிறது, இதை எதற்கு நீ வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் அவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. சுருளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்டீல் பாத்திரம், கண்ணாடி ஜாடிகள், வரிசையாகப் பழுப்பு நிற பாட்டில்கள். "பீர் காய்ச்சறவங்க வச்சிருப்பாங்கக்கா. இங்க வீட்டுல காய்ச்சறது தப்பில்ல" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் பேசவில்லை. அவன் அனுப்பியதை எல்லாம் பார்க்காமலே விட்டேன். பத்தாம் நாள் இன்னொரு முப்பது லிட்டர் புளித்தது. கொல்லையில் கொட்டிவிட்டு வந்து, ஈரக்கையோடு அவனுக்குப் போன் போட்டு, அந்தச் சுருள் எத்தனை அடி என்று மட்டும் கேட்டேன். அவன் சொன்னான்: "நாப்பத்தஞ்சு அடி. கோவம் போயிடுச்சாக்கா, இல்ல மால்ட் போயிடுச்சா?"

ஏசிக்கு

கடைத்தெருவில் ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிற சேவியர் அண்ணனிடம் செம்புக் குழாய் கேட்டுப் போனேன். ஏசிக்குப் போடுகிற குழாய் சுருட்டிய பாயைப் போல அட்டைப்பெட்டியில் வரும். அதைப் பிரித்து, பாத்திரத்துக்குள் போகிற அளவுக்கு இன்னும் குறுகலாகச் சுற்ற வேண்டும். நானே சுற்றுகிறேன் என்று வாங்கி வந்து தவலையைக் கவிழ்த்து அதன்மேல் சுற்றினேன். மூன்றாவது சுற்றிலேயே குழாய் மடங்கி, கழுத்து ஒடிந்த கோழி போல ஆகிவிட்டது. மடங்கின இடத்தில் தண்ணீர் போகாது. ஒடித்த குழாயை எடுத்துக்கொண்டு மறுபடி அவரிடமே போனேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடங்கின இடத்தை அறுத்துவிட்டு, கடையிலிருந்த ஐந்து கிலோ கேஸ் சிலிண்டரைத் தரையில் நிறுத்தி, மடங்காமல் இருக்கக் குழாய்க்கு வெளியே ஒரு ஸ்பிரிங்கை மாட்டி, அதைத் தள்ளிக்கொண்டே ஒரு கையால் மெதுவாகச் சுற்றினார். அவசரப்படவே இல்லை. நடுவில் டீ வந்தது, குடித்தார். ஒரு வாஷிங் மெஷின்காரர் வந்து சத்தம் போட்டார், கேட்டுக்கொண்டார். சுருள் மட்டும் மடங்கவில்லை. இரண்டு முனைகளையும் பாத்திர விளிம்புக்கு மேலே கொக்கி போல வளைத்துக் கொடுத்தார்.

எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் வைத்துக் கட்டினேன். அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுருள்மேல் ஒரு கோணிப்பையைப் போர்த்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: "யாராச்சும் கேட்டா ஏசிக்குன்னு சொல்லிடுங்கம்மா, என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

கீரைப் பாத்தி

சுருளின் ஒரு முனையில் குழாய்த் தண்ணீர் வரும் ஓஸ், மறுமுனையில் தண்ணீர் வெளியேறும் ஓஸ். முதல் நாள் அடுப்பை அணைத்துச் சுருளை இறக்கி, குழாயைத் திறந்தேன். ஓஸை வெறுமனே சொருகியிருந்தேன். சூட்டில் பிளாஸ்டிக் இளகி நழுவ, தண்ணீர் நேராக மால்ட்டுக்குள் பீய்ச்சியது. நான் ஓடிப்போய்க் குழாயை மூடுவதற்குள் மால்ட் தண்ணீர்ப் பால் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கிளிப் வாங்கி ஸ்க்ரூ டிரைவரால் முறுக்கிய பிறகுதான் அடுத்த பாத்திரத்தை ஏற்றினேன்.

இரண்டாம் தடவை எல்லாம் சரியாக நடந்தது. தெர்மாமீட்டர் விறுவிறுவென்று இறங்கியது. சுருளை லேசாக மேலும் கீழும் ஆட்டினால் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது என்று கண்டுபிடித்தேன். வெளியேறுகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று அந்த ஓஸை என் வீட்டுக்காரர் போட்டிருந்த கீரைப் பாத்திக்குள் விட்டிருந்தேன். முதல் கொஞ்ச நேரம் சுருளிலிருந்து வருகிற தண்ணீரில் அரிசியே வேகும் என்பது என் கணக்கில் வரவில்லை.

அவர் குத்தகை வயலில் நாற்றுப் பறித்துவிட்டு மத்தியானம் வந்தார். பாத்தியில் ஆவி அடங்கியிருந்தது. அரைக்கீரை எல்லாம் பச்சை மாறித் தலை சாய்ந்து படுத்திருந்தது. நான் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் நீட்டி, எவ்வளவு இறங்கியிருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் பறிச்சு வேக வைப்பாங்க, கலா. நீ வேக வச்சுட்டு என்னைப் பறிக்கச் சொல்றே."

மீன் இல்லாத ஐஸ்

அடுத்த சிக்கல் தண்ணீர். தம்பி ஊரில் குழாயைத் திறந்தாலே கை விறைக்குமாம். எங்கள் மாடித் தொட்டி கறுப்பு நிறம். சித்திரை வைகாசியில் அதிலிருந்து வரும் தண்ணீரில் தனியாகக் காய்ச்சாமல் குளிக்கலாம். அந்தத் தண்ணீரை விட்டு எதை ஆறவைப்பது? தெர்மாமீட்டர் நாற்பதுக்கு வந்து, எருமை மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. தொட்டியை விட்டுவிட்டு நேரே போர் தண்ணீரை விட்டேன். இன்னும் நாலைந்து டிகிரி இறங்கியது. அதற்குமேல் அசையவில்லை. தம்பியைக் கேட்டேன். பாதி சூடு இறங்கும்வரை போர் தண்ணீர், அதற்குப் பிறகு ஒரு டிரம்மில் ஐஸ் தண்ணீரை வைத்து, ஏர் கூலருக்குப் போடுகிற சின்ன பம்ப்பால் அதையே சுற்றிச் சுற்றி ஓடவிடு என்றான்.

ஐஸுக்கு எங்கே போவது? பூம்புகாரிலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் முக்கில் விற்கிற செல்லம்மாவிடம் போனேன். வெயிலேற மீன் தீர்ந்துபோகும், பெட்டியில் ஐஸ் மிச்சம் இருக்கும். குழாய்க்கு வெளியே வராத தண்ணீர்தானே, மீன் வாடை அடித்தால் என்ன என்று வாங்கிவந்து டிரம்மில் போட்டேன். தெர்மாமீட்டர் முப்பதைத் தாண்டி, இருபத்தைந்தையும் தாண்டி இறங்கியது. நான் கொல்லையில் தனியாக நின்று கை தட்டினேன். வாசலில் இருந்த பூனைகள் மட்டும் டிரம்மைச் சுற்றி வந்தன.

பிறகு தினமும் செல்லம்மாவிடம் ஐஸ். வாளியை நீட்டுவேன், நிரப்பித் தருவாள். பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாளியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "மீனு வாங்க வந்து ஐஸ் கொசுறு கேக்கறவங்களைப் பாத்திருக்கேன். ஐஸ் வாங்க வந்து ஒரு நாளாவது மீனு கொசுறு கேளேன், தாயி, மனசு கேக்கல."

ஏட்டையா

ஆடி மாதம் ஒரு காலையில் வாசலில் ஜீப் நின்றது. ஏட்டையா ஒருவரும், அவரோடு ஒரு பெண் கான்ஸ்டபிளும். தகவல் வந்திருக்கிறது, கொல்லையைப் பார்க்க வேண்டும் என்றார். என்ன தகவல் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. பெரிய பாத்திரம், செம்புச் சுருள், புளித்த வாடையோடு கொட்டிய மிச்சம்: எங்கள் பக்கத்தில் இந்த மூன்றும் ஓர் இடத்தில் சேர்ந்தால் அதற்கு ஒரே பெயர்தான். என் மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னார் பெண் சாராயம் காய்ச்சினாளாம் என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும். பொய் என்று நிரூபித்தாலும் அந்தப் பேச்சு சாகாது.

பாத்திரம் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. ஏட்டையா மூடியைத் திறந்து முகர்ந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். சுருளை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். உள்ளே போகிற ஓஸைப் பிடித்துக்கொண்டே போர் குழாய் வரை நடந்தார். வெளியே வருகிற ஓஸைப் பிடித்துக்கொண்டே வாய்க்கால் வரை நடந்தார். திரும்பி வந்து, இது என்ன என்றார். நான் சுருளை இறக்கி, தண்ணீரைத் திறந்து, அரை மணி நேரம் முழுக்கச் செய்து காட்டினேன். பெண் கான்ஸ்டபிள் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டார். ஆறினதும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன்.

ஏட்டையா குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். இருபது வருஷமாகச் சுருள் பிடித்து உடைக்கிற வேலை தனக்கு என்றார். அவர் பிடித்ததிலெல்லாம் சரக்கின் ஆவி சுருளுக்குள்ளே போகும், தண்ணீர் சுருளுக்கு வெளியே நிற்கும். இதில் தண்ணீர் உள்ளே, சரக்கு வெளியே. நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "எல்லாம் தலைகீழா மாட்டியிருக்கும்மா. இதை வச்சுக்கிட்டு நீங்க ஆயுசுக்கும் ஒரு சொட்டு சாராயம் எடுக்க முடியாது."

ஆயுத பூஜை

செம்பு என்றால் என் மாமியாருக்கு விட்டுவைக்க முடியாது. களிம்பு ஏறினால் வயிற்றுக்கு ஆகாது என்று தினமும் சுருளை எடுத்துப் புளியும் உப்பும் போட்டு, வளையத்துக்கு வளையம் விரல் விட்டுத் தேய்த்துக் கழுவுவார். அதன் பிறகும் நான் அதைக் கொதிக்கிற மால்ட்டில் பத்து நிமிஷம் போட்டு வைத்தால்தான் நம்பிக்கை வரும். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிற விஷயங்கள் குறைவு. சுருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சண்டை வந்ததில்லை.

ஆயுத பூஜை அன்று அரிவாள், மண்வெட்டி, வண்டிச் சாவி வரிசையில் சுருளையும் நடுவில் வைத்தார். பளபளவென்று தேய்த்து, மேல் வளையத்தில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். வளைந்து மேலே எழும்பி நின்ற முனையில் ஒரு செம்பருத்தி. சுண்டல் வாங்க வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, நாகத்தம்மன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்த ஊரில் வாங்கினது, கண் திறந்தாயிற்றா என்றெல்லாம் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சமையலறைக்குள் போய்விட்டேன். மாமியார் மட்டும் சிரிக்காமல் சுண்டலை அள்ளி வைத்துக்கொண்டே பதில் சொன்னது உள்ளே வரை கேட்டது: "அம்மன் இல்லை, அது என் மருமக உழைக்கிற சாமான். ஆனாலும் நீ கும்பிட்டதுல தப்பில்ல."

மார்கழி

ஏட்டையாவிடம் தகவல் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு சரோஜாக்கா. அவர் கொல்லைச் சுவரில் ஏறி நின்றால்தான் எங்கள் அடுப்படி தெரியும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் ஐந்து மாதம் இருவரும் வாசல் தெளிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கோலத்தை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

மார்கழிக் குளிர் வந்தது. சுருளிலிருந்து வருகிற முதல் இரண்டு வாளித் தண்ணீர் நல்ல கொதிநீர், அடுத்த நாலைந்து வாளியும் குளிக்கிற சூடு. கீரையை வேகவைத்ததிலிருந்து அதை டிரம்மில் பிடித்து மாமியார் குளிக்கவும் துணி ஊறவைக்கவும் வைத்துக்கொள்வோம். இரண்டு வீடு தள்ளியிருப்பவர்கள் வந்து ஒரு வாளி வாங்கிப் போனார்கள். பிறகு நாலு வீடு. விடியற்காலையில் எங்கள் கொல்லை வாசலில் பிளாஸ்டிக் வாளிகள் வரிசையாக நின்றன. ஒருநாள் அந்த வரிசைக் கடைசியில் ஒரு பித்தளைக் குடம். அதைப் பிடித்துக்கொண்டு சரோஜாக்கா.

நான் ஓஸை எடுத்து அவர் குடத்தில் விட்டேன். ஆவி எழும்பி எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் நின்றது. குடம் நிரம்பியது. அவர் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கும் இதே நேரத்துலதானே காய்ச்சுவீங்க? எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலி, அதான் கேட்டேன்."

தம்பி வந்தான்

பொங்கலுக்கு பிரபு வந்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு. வந்த அன்றே கொல்லைக்குப் போய்ச் சுருளைப் பார்த்தான். தட்டிப் பார்த்தான், ஒரு கிளிப்பை முறுக்கினான், ஐஸ் டிரம்முக்கு ஒரு மூடி போடச் சொன்னான். ஒரு டம்ளர் மால்ட் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். கூடத்தில் அப்பா படத்துக்கு எதிரே மட்டும் அவன் உட்காரவே இல்லை. அதை நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவனும் கவனித்தான்.

கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் இருவரும் கொல்லையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தோம். இன்னும் காய்ச்சுகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். எவ்வளவு குடிப்பாய் என்றேன். சனிக்கிழமை இரண்டு கிளாஸ், மிச்சத்தை ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். அப்பா ஒரு கிளாஸ்தான் என்று சொல்லும்போது எப்படித் தரையைப் பார்ப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இவன் தரையைப் பார்க்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லைதான், இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் ஷெட்டில் இருக்கிற சாமானால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. எந்த முகத்தோடு அதட்டுவது? இனிமேல் நான் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தேன். அவன் கழுவுவதை நிறுத்திவிட்டான்.

"அப்படி விட்றாதக்கா. மாசத்துக்கு ஒரு தடவையாவது கேளு. உனக்குப் பதில் சொல்லணுமேன்னு எனக்கு ஒரு பயம் இருக்கட்டும்."

விளையாட்டு விழா

மாசியில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை என்னைத் தேடி வந்தார். விளையாட்டு விழாவில் பிள்ளைகளுக்கு கலர் தண்ணீர் கொடுக்க இஷ்டமில்லை, முந்நூறு பாட்டில் மால்ட் வேண்டும் என்றார். இரண்டு பாத்திரம். அதுவரை ஒரே நாளில் நான் அவ்வளவு காய்ச்சியதில்லை. விழாவுக்கு முதல் நாள் காலைப் பாத்திரம் ஒழுங்காக ஆறி, ஐஸ் பெட்டிக்குள் போய்விட்டது. மத்தியானம் இரண்டாவதை இறக்கி, சுருளைப் போட்டு, அறுபது டிகிரிக்கு வரும்போது கரண்ட் போனது. போர் மோட்டாரும் இல்லை, பம்ப்பும் இல்லை. மாடித் தொட்டியில் இருந்தது கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. என் வீட்டுக்காரர் ஐஸ் டிரம்மைத் துவைக்கிற கல்மேல் தூக்கி வைத்து, ஓஸை வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறங்கவிட்டார். மாமியார் கீழே வாளியில் பிடித்துக் கொடுக்க, நான் மறுபடி மேலே ஊற்றினேன். ஐஸ் கரைந்துபோனது. நாற்பத்திரண்டில் வந்து நின்றது. மூன்று மணி நேரம் அங்கேயே நின்றது.

கரண்ட் வந்ததும் மூன்று பேரும் குடித்துப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. நல்லா இருக்கும்போது எதற்குக் கொட்ட வேண்டும் என்றார் இவர். அவர் சொன்னதில் தப்பில்லை. மறுநாள் வெயிலில், மைதானத்தில், சின்னப் பிள்ளைகள் கையில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத்தான் தெரியவில்லை. தெரியாததை ஊற்றிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. முப்பது லிட்டரையும் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். மாடு சந்தோஷமாகக் குடித்தது.

காலையில் நூற்றைம்பது பாட்டிலோடு போய் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைமையாசிரியை கேட்டுக்கொண்டே இருந்தார். "குடிச்சுப் பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன், நன்றாக இருந்தது என்றேன். "அப்புறமுமா கொட்டினீங்க?" என்றார். ஆமாம் என்றேன். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திரும்பி, சத்துணவு டம்ளர்களை எல்லாம் கழுவி எடுத்துவரச் சொன்னார். ஒரு பாட்டிலை இரண்டு டம்ளராக ஊற்ற ஆரம்பித்தார்; நானும் கூட நின்று ஊற்றினேன். முந்நூறு பேருக்கும் வந்தது. ஓட்டப் பந்தயத்துக்கு விசில் ஊதினார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷமும் நீங்கதான். முதல் நாள் காலையிலேயே எங்க ஸ்கூல் ஜெனரேட்டரை வண்டியில ஏத்தி அனுப்பிடறேன்."

ஒரு வருஷம் முழுக்க ஊரெல்லாம் பேச்சு வாங்கி, போலீஸுக்குச் செய்முறை விளக்கம் கொடுத்து, கடல் மீனின் ஐஸையெல்லாம் கரைத்து நான் சாதித்தது, சூடாக இருந்த ஒன்றைச் சூடில்லாமல் ஆக்கியது, அவ்வளவுதான்.